காதில் மாட்டும் மொழிபெயர்ப்புக் கருவி: எல்லாம் கேட்கலாம், ‘ஆமாம்’ மட்டும் வேண்டாம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் இந்தப் பத்தியோடு கிளம்பலாம். தேதி, எடை, எண்ணிக்கை, பொருளின் பெயர், நீளமான விளக்கம், அதைவிட நீளமான புகார், இவையெல்லாம் தெரியாத மொழியில் வரும்போது இந்தக் கருவி நன்றாகவே கைகொடுக்கிறது. ‘ஆமாம்’, ‘இல்லை’, ‘சரி’ ஆகிய மூன்றை மட்டும் இதை நம்பிக் கேட்காதீர்கள். பெரிய வாக்கியங்களில்தான் இது திணறும் என்று எதிர்பார்த்தேன். திணறுவது சின்னச் சின்னச் சொற்களில்.

நான் சரக்கு ஒருங்கிணைப்பு வேலையில் இருக்கிறேன். கிடங்குக்காரர், கப்பல் ஏஜென்ட், கிளியரிங் ஏஜென்ட், லாரி அனுப்புகிறவர் என்று பல நாட்டு ஆட்களோடு நாள் முழுக்க அழைப்பில் இருப்பேன். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் ‘ஆமாம் வாங்குகிற வேலை’ என்று சொல்வது வழக்கம். புக்கிங் உறுதியா? ஆமாம். கன்டெய்னர் டெர்மினலுக்குள் போய்விட்டதா? ஆமாம். பில் ஆஃப் லேடிங் (கப்பலில் ஏற்றும் சரக்குக்கான ஆவணம்) டிராஃப்டில் திருத்தம் இல்லையே? சிக்கல் இங்கேதான் ஆரம்பம். இதற்கு வரும் ‘ஆமாம்’ எந்த ஆமாம்?

இந்தக் கருவியைப் பற்றிப் படித்த விமர்சனங்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள் எழுதியவை. வழி கேட்டேன், சொன்னது, அற்புதம், ஐந்து நட்சத்திரம். வழி கேட்பதற்கு விரலைக் காட்டினாலே போதும். எனக்கு வேண்டியது வேறு. ஒருவர் ஒத்துக்கொண்டாரா, இல்லையா? அதை மட்டும் வைத்து எழுதுகிறேன். பிராண்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கையில் கிடைத்த இதே வகைக் கருவிகளும் செயலிகளும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொண்டன. ஒன்றை மட்டும் பெயர் சொல்லித் திட்டுவது நியாயமாகப் படவில்லை.

கருவி என்றால் இரண்டு இயர்பட்ஸும் கைபேசியில் ஒரு செயலியும். எதிராளி அவர் மொழியில் பேசுவார், காதில் தமிழ் விழும். நான் தமிழில் பேசினால் அவர் பக்கம் அவர் மொழி போகும். பேசியதெல்லாம் கைபேசித் திரையில் எழுத்தாகவும் ஓடும். காதில் நன்றாக நிற்கிறது, சார்ஜ் ஒரு வேலை நாளுக்குத் தாங்குகிறது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

நல்லதை முதலில் சொல்வோம். டெமரேஜ், டிடென்ஷன் என்ற இரண்டு தாமதக் கட்டணங்களையும் குழப்பாமல் பிரித்தது. கன்டெய்னர் டெர்மினலுக்குள்ளேயே கிடந்தால் ஒன்று, வெளியே எடுத்துப்போய்த் திருப்பித் தராவிட்டால் மற்றொன்று. எங்கள் துறைக்குப் புதிதாக வருகிறவர்களே இதில் தடுமாறுவார்கள். ஒரு பல்கேரியக் கிடங்குப் பொறுப்பாளர் அட்டைப்பெட்டிகள் நனைந்துபோன கதையை மூச்சுவிடாமல் சொன்னார். எந்த அடுக்கு, எத்தனை பெட்டி, கூரையின் எந்த மூலை என்பது வரை எல்லாம் சரியாக வந்தது. அவர் கோபம்கூடக் கொஞ்சம் வந்தது.

பிறகு நான் கேட்டேன், ‘புகைப்படம் எடுத்துவிட்டீர்களா?’

அவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். காதில் ‘ஆமாம்’ என்று விழுந்தது. பல்கேரியாவில் பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம், மேலும் கீழுமாக ஆட்டினால் இல்லை. வெளிநாட்டவரோடு பழகியவர்கள் சில சமயம் நமக்காக மாற்றியும் ஆட்டுவார்கள், அப்போது இன்னும் குழப்பம். இந்த இடத்தில் கருவிக்கு முழு மதிப்பெண். அதற்குக் கண் இல்லை என்பதால் ‘டா’ என்ற சொல்லை மட்டும் கேட்டுச் சரியாகச் சொல்லிவிட்டது. கண்ணை மட்டும் நம்பியிருந்தால் படம் இல்லை என்றே நினைத்திருப்பேன். எல்லாப் பக்கமும் தலையாட்டிச் சம்மதம் சொல்லும் கூட்டத்திலிருந்து வந்த நாம் பல்கேரியரைக் குறை சொல்ல முடியாது என்பது வேறு விஷயம்.

இனி அந்த மூவர் அழைப்பு. ஜப்பானிய ஏஜென்ட் ஒருவர், ஆங்கிலத்தில் கேட்கும் சக ஊழியர் ஒருவர், தமிழில் கேட்கும் நான். என் கேள்வி: ‘சரக்கு இன்னும் கப்பலில் ஏறவில்லையா?’ ஏஜென்ட் சொன்னது ஒரே சொல், ‘ஹை’. என் காதில் ‘ஆமாம்’. சக ஊழியர் காதில் ‘யெஸ்’. நான் ‘ஏறவில்லை’ என்று குறித்துக்கொண்டேன். அவர் ‘ஏறிவிட்டது’ என்று குறித்துக்கொண்டார். இருவருமே அவரவர் மொழிப்படி சரி.

ஜப்பானிய மொழியில் ஆமாம் என்பது கேட்டவர் சொன்னதற்கு ஒப்புதல். நீங்கள் ஏறவில்லையா என்றால், ஹை, நீங்கள் சொல்வது சரி, ஏறவில்லை. ஆங்கிலத்தில் அப்படியில்லை. அங்கே பதில் கேட்டவரைப் பார்க்காமல் நடந்ததைப் பார்க்கும். ஏறியிருந்தால் யெஸ், ஏறாவிட்டால் நோ, கேள்வி எப்படி இருந்தாலும் சரி. தமிழில் இரண்டும் நடக்கும். ‘ஏறலையா?’ என்றால் ‘ஆமா, ஏறலை’ என்றும் சொல்வோம், ‘இல்ல, ஏறலை’ என்றும் சொல்வோம். நம்மைக் காப்பாற்றுவது பின்னால் வரும் அந்த ‘ஏறலை’. வினைச்சொல்லைத் திரும்பச் சொல்லிவிடுவதால் முன்னால் என்ன சொன்னோம் என்பது பெரிதாகத் தெரிவதில்லை. ஏஜென்ட் வெறும் ‘ஹை’யோடு நிறுத்திக்கொண்டார், கருவியும் அதோடு நிறுத்திக்கொண்டது. அழைப்பு முடியும் முன்னே இரண்டு குறிப்புகளையும் ஒப்பிட்டோம், பிழைத்தோம்.

சில மொழிகள் இந்தச் சிக்கலுக்கென்றே தனியாக ஒரு சொல் வைத்திருக்கின்றன. பிரெஞ்சில் ‘ஸி’, ஜெர்மனில் ‘டோஹ்’, ஸ்வீடிஷில் ‘யூ’. ‘வரவில்லையா?’ என்றால் ‘ஏன் வரவில்லை, வந்ததே’ என்று மறுத்துச் சொல்லும் ஆமாம் அது. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நான்கு சொற்கள் இருந்தன. நேரான கேள்விக்கு யே, நே; எதிர்மறைக் கேள்விக்கு யெஸ், நோ. 1532-இல் தாமஸ் மோர், பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வில்லியம் டின்டேலைத் தாக்கி எழுதும்போது, ‘நே’ போட வேண்டிய இடத்தில் ‘நோ’ போட்டுவிட்டார் என்பதையும் ஒரு குற்றமாகச் சேர்த்துக்கொண்டார். மதச் சண்டைக்கு நடுவில் இலக்கணச் சண்டை. அப்புறம் நான்கு இரண்டானது, தெளிவும் பாதியானது. இந்த ‘டோஹ்’ விஷயத்தில் கருவி மோசம். ஜெர்மன்காரர் அதைத் தனியாகச் சொன்னால் என் காதில் ‘ஆனாலும்’ என்று விழுகிறது. ஆனாலும் என்ன என்று காத்திருப்பேன், அவர் பதில் சொல்லி முடித்திருப்பார்.

ஜப்பானிய ‘ஹை’யில் இன்னொரு அடுக்கும் உண்டு. பேசுகிறவருக்கு நடுநடுவே ‘ஹை, ஹை’ என்று சொல்லிக்கொண்டிருப்பது அங்கே மரியாதை. அதற்கு அய்ஸுச்சி என்று பெயர். கொல்லர் பட்டறையில் இருவர் மாறி மாறிச் சம்மட்டி அடிப்பதிலிருந்து வந்த சொல். பேச்சைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டுமே அதன் பொருள். நம் ‘ம்ம்’ மாதிரி. இங்கே கருவி செய்யும் கூத்தைப் பாருங்கள். ‘வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிட முடிந்தால்’ (ஆமாம்) ‘அந்த வாரக் கப்பலைப் பிடித்துவிடலாம்’ (ஆமாம்) ‘கூடுதல் ஆள் போட வேண்டியிருக்கும்’ (ஆமாம், ஆமாம்). கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கடைசியில் அவர் வாய் திறந்து பேசியபோது ‘கொஞ்சம் கடினம்’ என்றார். அதாவது முடியாது.

அந்த ‘கொஞ்சம் கடினம்’ கருவியில் அட்சரம் பிசகாமல் வந்தது. ‘பார்க்கலாம்’ என்று சொல்லி வளர்ந்த நமக்கு இதெல்லாம் விளக்காமலே புரிகிறது. ஆனால் நம் ‘பார்க்கலாம்’ மறுபக்கம் போகும்போது ‘நாம் அதைப் பார்வையிடுவோம்’ என்கிற அர்த்தத்தில் போகிறது. ஒருவர் நான் கிடங்கைப் பார்க்க வருவதாக நினைத்து நேரம் ஒதுக்கிவிட்டார்.

தமிழ்ப் பக்கத்திலிருந்து வரும் தொல்லைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் தொல்லை ‘இல்ல’. நாம் மறுப்பதற்கு மட்டுமா இந்தச் சொல்லை வைத்திருக்கிறோம்? ‘இல்ல, நான் என்ன சொல்ல வர்றேன்னா…’ என்று தொடங்காத தமிழர் உண்டா? எதிராளியோடு முழுக்க ஒத்துப்போகும்போதுகூட ‘இல்ல இல்ல, நீங்க சொல்றது ரொம்பச் சரி’ என்போம். கருவி ஒவ்வொரு முறையும் கடமை தவறாமல் ‘இல்லை’ என்று அந்தப் பக்கம் மொழிபெயர்த்து அனுப்புகிறது. பின்லாந்துக்காரர் ஒருவர் மிகப் பொறுமையாக, நான் எதை மறுக்கிறேன் என்று கேட்டார். நான் எதையுமே மறுக்கவில்லை, மூச்சு விட்டேன், அவ்வளவுதான். இந்தக் கருவி வந்த பிறகுதான் ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை ‘இல்ல’ சொல்கிறேன் என்று திரையில் எழுத்தாகப் பார்த்தேன். குடும்பத்தாரிடம் காட்டவில்லை.

இரண்டாவது ‘பரவாயில்லை’. வேண்டாம் என்பதற்கும் அது, வேண்டும் என்பதற்கும் அது. சுமார் என்றும் பொருள், நன்றாக இருக்கிறது என்றும் பொருள், மன்னித்தேன் என்றும் பொருள். ‘மாற்றுப் பெட்டி அனுப்பட்டுமா?’ என்று கேட்டவரிடம் ‘பரவாயில்லை’ என்றேன், வேண்டாம் என்ற பொருளில். அவருக்கு ‘சரி, தவறில்லை’ என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. பெட்டி வந்தது. ஜப்பானிய மொழியில் ‘கெக்கோ தெஸு’ என்பதும் இதே ரகம். நன்று என்றும் கொள்ளலாம், போதும் வேண்டாம் என்றும் கொள்ளலாம். நானும் அந்த ஏஜென்டும் ‘பரவாயில்லை’யும் ‘கெக்கோ’வும் மட்டும் பேசிக்கொண்டால் எந்தக் கருவியாலும் எங்களைப் பிரித்தறிய முடியாது. மூன்றாவதாக ‘வரேன்’. கிளம்புகிறேன் என்பதற்கு நாம் சொல்லும் சொல் மறுபக்கம் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று போகிறது. அழைப்பை முடிக்கும்போது எதிராளி கொஞ்சம் பதறுவார், வேறு கேடு இல்லை.

அடுத்து, மொழியைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி. விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது இதைத்தான். தயவுசெய்து அணைத்துவிடுங்கள். பெரிய வாக்கியத்தில் சரியாகக் கண்டுபிடிக்கிறது, மறுக்கவில்லை. ஓரசைச் சொல்லை வைத்து யார்தான் மொழியைக் கண்டுபிடிக்க முடியும்? ‘நே’ என்று ஒரு சொல் காதில் விழுந்தால் என்ன நினைப்பீர்கள்? கொரியர் சொன்னால் ஆமாம். கிரேக்கர் சொன்னால் ஆமாம். செர்பியர், பல்கேரியர், செக் நாட்டவர் சொன்னால் இல்லை. கொரியரே குரலை உயர்த்தி ‘நே?’ என்றால் ‘என்ன சொன்னீர்கள்?’ என்று பொருள். செக் நாட்டவரின் ஆமாம் ‘அனோ’. பேச்சில் அதைச் சுருக்கி ‘நோ’ என்பார்கள். ஆமாம் ஐயா, ‘நோ’ என்றால் அங்கே ‘ஆமா’. தானியங்கி வசதி அதை ஆங்கிலம் என்று எடுத்துக்கொண்டு ‘இல்லை’ என்று எனக்குச் சொன்னது. ‘ஹை’யும் சளைத்ததல்ல. ஜப்பானியருக்கு ஆமாம், கன்டோனீஸ் பேசுகிறவருக்கும் ‘அதேதான்’ என்ற பொருளில் ஆமாம், வியட்நாமியருக்கு இரண்டு என்ற எண். வசதியை அணைக்காமல் பேசிய ஓர் அழைப்பின் எழுத்து வடிவத்தில், எதிராளி ‘ஹை’ சொன்ன இடத்திலெல்லாம் ‘இரண்டு’ என்று பதிவாகியிருந்தது. எண்ணிக்கையை வைத்துப் பிழைக்கும் தொழிலில் இது கெட்ட கனவு.

ஒரு நிலப்பகுதியே இந்தச் சொல்லால் பெயர் பெற்றிருக்கிறது. தென் பிரான்சின் லாங்கடாக், ‘ஓக் மொழி’ என்று பொருள். ‘ஓக்’ என்றால் அங்கே ஆமாம். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியக் கவிஞர் தாந்தே லத்தீனின் வழிவந்த மொழிகளை ஓக், ஓய்ல், ஸி என்று அவற்றின் ஆமாம்களை வைத்தே பிரித்தார். இத்தனைக்கும் லத்தீனில் ஆமாமுக்கென்று தனிச்சொல் இல்லை. தாந்தே மூன்று மொழிகளை வைத்துக்கொண்டு தப்பித்தார். இந்தக் கருவியின் பட்டியலில் உள்ள எல்லா மொழிகளையும் அப்படிப் பிரிக்கச் சொன்னால் அவரும் தானியங்கி வசதியை அணைத்திருப்பார்.

ஆமாமே இல்லாத மொழிகளில் கருவியின் நிலைமை இன்னும் வேடிக்கை. ஐரிஷில் ஆமாம், இல்லை இரண்டுக்கும் தனிச்சொல் கிடையாது, வினையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பின்னிஷில் ‘குல்லா’ என்று ஒரு சொல் இருந்தாலும் வினையைத் திருப்பிச் சொல்வதே இயல்பு. சீனத்திலும் பெரும்பாலும் அப்படித்தான். ‘வருவீர்களா?’ என்றால் ‘லாய்’ என்பார்கள், வருவேன் என்று அர்த்தம். கருவி அந்தத் தனிச்சொல்லை எனக்கு ‘வா’ என்று கட்டளையாகச் சொன்னது. தமிழ் பேசுகிற மனிதர் யாராக இருந்தாலும் ‘வருவேன்’ என்று நொடியில் பிடித்திருப்பார், ஏனென்றால் நாமும் ‘வருவீங்களா?’ என்றால் ‘வருவேன்’ என்றுதானே சொல்கிறோம். இங்கே கருவியின் குறை என்ன என்பது பளிச்சென்று தெரிகிறது. அது ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாக எடுத்து மொழிபெயர்க்கிறது. முன்னால் இருந்த கேள்வியை மறந்துவிடுகிறது. ‘ஆமாம்’ என்ற சொல்லின் பொருள் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கேள்வியைத் தூக்கி எறிந்துவிட்டு விடையை மட்டும் மொழிபெயர்த்தால் மிஞ்சுவது ஒரு சத்தம்.

சத்தம் என்றதும் நினைவுக்கு வருகிறது. சுற்றுப்புற இரைச்சலை நீக்கும் வசதி இந்தக் கருவியில் பிரமாதம். ஃபோர்க்லிஃப்ட் பின்னால் ஓடினாலும் குரல் தெளிவாக வரும். ஆனால் வட ஸ்வீடனில் ஆமாமை மூச்சை உள்ளே இழுத்து ‘ஷுப்’ என்று சொல்வார்கள், உறிஞ்சுவது போல. கருவிக்கு அது இரைச்சல், துடைத்துப் போட்டுவிடுகிறது. நான் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன், அவர் பதில் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். துருக்கியில் இல்லை என்பதற்குப் புருவத்தை உயர்த்தி நாக்கால் ஒரு ‘ச்சிக்’. அதுவும் போச்சு. நம் ‘ப்ச்’சும் அதே கதிதான். சில சமயம் பேச்சிலேயே அதிகம் சொல்வது அந்த ‘ப்ச்’தான்.

தாமதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதிராளி பேசி முடித்து என் காதுக்கு வர ஏறக்குறைய இரண்டு வினாடி ஆகிறது. விமர்சகர்கள் இதைச் சின்னக் குறை என்று தாண்டிப்போகிறார்கள். ஆமாம் விஷயத்தில் இது சின்னக் குறை இல்லை. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் பத்து மொழிகளில் ஆமாம்-இல்லை கேள்விக்கு விடை வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். சராசரி சுமார் 200 மில்லி வினாடி. மிக வேகம் ஜப்பானியர், 7 மில்லி வினாடி. மிக நிதானம் டேனிஷ்காரர், 469. இன்னொன்றும் தெரிந்தது. ஒத்துக்கொள்ளும் விடை சீக்கிரம் வருகிறது, மறுக்கும் விடை தாமதித்து வருகிறது. அதாவது ஒரு விடை எவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதும் அந்த விடையில் ஒரு பகுதி. ‘நாளைக்குக் கிடைக்குமா?’ என்று கேட்டு இரண்டு வினாடி கழித்து ‘ஆமாம்’ வந்தால் என் வயிறு அதை ‘கஷ்டம்தான்’ என்றே கேட்கிறது. எதிராளி உடனே சொல்லியிருப்பார், தயங்கியது கருவி. அதேபோல உண்மையாகவே தயங்கிச் சொன்னவரின் தயக்கமும் இந்த இரண்டு வினாடிக்குள் கரைந்துபோகிறது. எல்லோரும் ஒரே அளவு தயங்குகிறவர்களாக ஆகிவிடுகிறார்கள்.

பள்ளியில் படித்த இலக்கணம் இப்படிப் பயன்படும் என்று நினைத்ததில்லை. விடை எட்டு வகை என்கிறது நன்னூல். அதில் சுட்டு, மறை, நேர் மூன்றும் வெளிப்படை. மீதி ஐந்தும் சுற்றி வளைத்துச் சொல்பவை. ‘கன்டெய்னர் கிளம்பிவிட்டதா?’ என்று கேட்டால், ‘நீங்களே லாரிக்காரரைக் கேளுங்கள்’ என்பது ஏவல். ‘கிளம்பாமல் இருக்குமா?’ என்பது வினா எதிர் வினாதல். ‘டிரைவருக்குக் காய்ச்சல்’ என்பது உற்றது உரைத்தல். ‘இன்னொரு கன்டெய்னர் கிளம்பிவிட்டது’ என்பது இனமொழி. இவை நான்கையும் என் வேலையில் வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்டுவிடுவேன். கருவி இவற்றை மிக நன்றாக மொழிபெயர்க்கிறது. டிரைவருக்குக் காய்ச்சல் என்றால் எந்த மொழியிலிருந்து வந்தாலும் காய்ச்சல்தான், வண்டி கிளம்பவில்லை என்று எனக்குப் புரிந்துவிடும். வளைத்துச் சொன்ன விடை பத்திரமாக வருகிறது, நேராகச் சொன்ன விடை வழியில் உடைகிறது. நான் எதிர்பார்த்ததற்கு நேர் தலைகீழ்.

கிரேக்கர்கள் ஆண்டுதோறும் அக்டோபர் 28-ஐ ‘ஓஹி நாள்’ என்று கொண்டாடுகிறார்கள். ஓஹி என்றால் இல்லை. 1940-இல் முசோலினியின் இறுதி எச்சரிக்கைக்குப் பிரதமர் மெட்டாக்ஸாஸ் ‘ஓஹி’ என்று சொன்னதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவார்கள். உண்மையில் அவர் இத்தாலியத் தூதரிடம் பிரெஞ்சில் சொன்னது, ‘அப்படியானால் போர்தான்’ என்று. நன்னூல் கணக்கில் அது உறுவது கூறல், இனி நடக்கப்போவதைச் சொல்லும் விடை, அந்த எட்டில் நான் விட்டுவைத்த ஒன்று. மக்கள் அதை மறை விடையாகத் திருத்திப் படித்துக்கொண்டார்கள், சரியாகத்தான் படித்தார்கள். இந்தக் கருவி அன்று தூதர் காதில் இருந்திருந்தால் ‘போர்’ என்ற சொல் துல்லியமாக விழுந்திருக்கும், எந்தக் குழப்பமும் இருந்திருக்காது.

நிறுவனத்துக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். ‘தங்கள் கருத்தை உரிய முறையில் கவனிக்கிறோம்’ என்று பதில் வந்தது. ஜப்பானிய அதிகாரிகள் வாயில் ‘ஸென்ஷோ ஷிமாஸு’ என்று ஒரு தொடர் உண்டு, சொல்லுக்குச் சொல் இதே பொருள். 1969-இல் அமெரிக்க அதிபர் நிக்ஸனைச் சந்தித்த ஜப்பானியப் பிரதமர் ஸாட்டோ, ஜவுளி ஏற்றுமதி பற்றி இப்படி ஏதோ சொல்லி, அது வாக்குறுதியாக மொழிபெயர்க்கப்பட்டு உறவு கசந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அவர் வாயில் வந்த சொற்கள் எவை என்பதில் இன்றும் சண்டை உண்டு. எப்படியோ, நிறுவனத்தின் பதிலை நான் சரியாகவே புரிந்துகொண்டேன் என்று நினைக்கிறேன்.

நான் கேட்டது ஒரே ஒரு மாற்றம். மனித மொழிபெயர்ப்பாளர்களோடு வேலை செய்திருக்கிறேன். தெளிவில்லாத ‘ஆமாம்’ வந்தால் நல்லவர்கள் அதை அப்படியே கடத்தமாட்டார்கள், ‘ஏறிவிட்டது என்கிறீர்களா, ஏறவில்லை என்கிறீர்களா?’ என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வருவார்கள். கருவி ஒருபோதும் திருப்பிக் கேட்பதில்லை. எதையும் சந்தேகமில்லாத குரலில் சொல்கிறது. 2013-இல் மொழியியலாளர்கள் சிலர் 31 மொழிகளைத் திரட்டி, அதில் பத்தை நுணுக்கமாக ஆராய்ந்து ஒன்றைக் காட்டினார்கள். காதில் சரியாக விழாதபோது நாம் கேட்கும் ‘ஆங்?’ என்ற சொல் மட்டும் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கிறது. 2015-இல் அதற்கு இக் நோபல் பரிசும் கொடுத்தார்கள், சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தருவார்களே, அது. மொழிபெயர்ப்பே தேவைப்படாத அந்தச் சொல்லைத்தான் இந்தக் கருவிக்குச் சொல்லித்தரவில்லை. தனியாக வரும் ‘ஆமாம்’ ஒவ்வொன்றுக்கும் அது ஒரு ‘ஆங்?’ போட்டால் போதும், இந்த விமர்சனத்தில் பாதியை எழுதியிருக்கமாட்டேன்.

அதுவரை எப்படிப் பயன்படுத்துவது? அமைப்புகளில் ‘மூல ஒலியையும் கேட்கவிடு’ என்று ஒரு தேர்வு உள்ளே ஒளிந்திருக்கிறது. அதை முதல் வேலையாகப் போடுங்கள். மொழிபெயர்ப்புக்கு அடியில் எதிராளியின் சொந்தக் குரல் மெல்லக் கேட்கும். உடனே சொன்னாரா, இழுத்தாரா, மூச்சை உறிஞ்சினாரா என்பது தெரியும். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது, ஆனால் இழுத்துச் சொல்லும் ‘ஹை’யை இப்போது அடையாளம் கண்டுவிடுகிறேன். மொழித் தேர்வைக் கையால் செய்யுங்கள். எதிர்மறையில் கேட்காதீர்கள். ஆமாம்-இல்லை என்று விடை வரும் கேள்வியையே கூடுமானவரை தவிர்த்து, ‘கன்டெய்னர் இப்போது எங்கே இருக்கிறது?’, ‘எந்தத் தேதியில் ஏற்றினீர்கள்?’ என்று கேளுங்கள். இடமும் தேதியும் பிழையில்லாமல் வரும். இந்தோனேசியரிடம் ‘முடிந்ததா?’ என்றால் ‘புலும்’ என்பார், இன்னும் இல்லை என்று பொருள். கருவியும் அப்படியே சொல்லும். அந்த ‘இன்னும்’ நாளையா அடுத்த மாதமா என்பதைத் தேதி கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கிடங்கு, பழுது பார்த்தல், தொழில்நுட்ப விளக்கம், இப்படிப் பொருட்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். பேரம் பேசுகிறவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறவர்கள், மருத்துவர் அறையில் ‘வலிக்கவில்லையே?’ என்று கேட்கப்படப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள், கூடவே ஓர் ஆளையும் அழைத்துப்போங்கள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். வலது இயர்பட்டின் ரப்பர் முனை கொஞ்சம் தளர்வு, பெட்டியில் மாற்று முனை இருக்கிறது.